சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

எனக்கு எழுபத்தெட்டு வயசு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ரெண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. ஆறு பேருக்கும் சோறு போட்டது அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பேச்சுவாக்கில் மறந்துபோனாலும் போகும்.

எழுதச் சொன்னது கல்குவாரியில் இப்போது வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள். கல் நொறுக்குகிற பழைய கிரஷரைப் பிரித்து எடுக்கிறார்களாம். அதைச் சுற்றித் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. மூணு பக்கம் நேராகப் போகிற கோடு நாலாவது பக்கத்தில் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வளைகிறது. ஏன் அப்படி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உங்களைக் கேட்டால் தெரியும் என்றார்கள், எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்கா தெரியாது? அந்த வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான்.

நான் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷம்தான் இருந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். அதனால் அவசரப்படாமல் படியுங்கள்.

பிறந்தது வாலிகண்டபுரம் பக்கம். நடவு, களையெடுப்பு, கடலை பிடுங்குறது என்று மற்றவர் காட்டில் வளர்ந்தேன். கட்டிக்கொடுத்தது அரியலூருக்குக் கிழக்கே. என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளி பிடித்து அவர் படுத்த வருஷம் நான் சுத்தியலைக் கையில் எடுத்தேன். காண்டிராக்டர் ஆளாகத்தான் சேர்ந்தேன். கல்லை வெடி வைத்துத் தகர்ப்பார்கள், லாரியில் கொண்டுவந்து குவிப்பார்கள், நாங்கள் இருபத்திச் சொச்சம் பெண்கள் உட்கார்ந்து உடைப்போம். கல்லுக்கு நடுவில் மஞ்சளாகக் களிமண் பாளம் வரும், அதைத் தனியே பொறுக்கிப் போடுவோம். சில கல்லை உடைத்தால் உள்ளே நத்தையும் சிப்பியும் அச்சுப்போல இருக்கும். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். இருந்திருக்கும், இப்போது தூசிதான்.

தூசிக்காக நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ரோட்டுக்குத் தெளிக்கத் தண்ணி லாரி விடியற்காலை வரும். அதில் குடம் குடமாகப் பிடித்து, வாசல் தெளிக்கிற மாதிரி கல்குவியல் மேலே தெளித்துவிட்டுத்தான் உட்காருவோம். முதல் கை தண்ணி சாமிக்கு. ஏலாக்குறிச்சி லூர்துமேரி அவள் மாதாவைக் கும்பிட்டுத் தெளிப்பாள், நான் எங்கள் குலசாமியைக் கும்பிடுவேன். தெளிக்காமல் உட்கார்ந்தால் அன்றைக்கு வேலை ஓடாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. உடைத்த கல் நாலைந்து நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் லாரி ஏறும். அதனால் இந்தத் தண்ணியை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

இப்படி இருக்கும்போது பெரிய கிரஷர் வந்தது. எழுபதுகள் முடிகிற சமயம். ஒரு வீடு உயரத்துக்கு இரும்பு. மேலே கல் கொட்டுகிற வாய், உள்ளே அடித்து நொறுக்குகிற சம்மட்டிகள், கீழே சல்லடை, அப்புறம் பெல்ட். இது ஓட ஆரம்பித்தால் உங்களுக்கெல்லாம் வேலை இல்லை என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் இருக்காது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மெஷினை ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிறதுக்கு, அதைச் செய்த கம்பெனியிலிருந்து பத்மநாபன் சார் வந்தார். ஒல்லியான மனுஷர். காக்கி பேண்ட், காலில் டயர் செருப்பு. சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. எங்களை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் பேண்ட் போட்ட ஆள் அவர்தான். அஞ்சலை என்று ஒருத்தி எங்களோடு இருந்தாள், வாய் சும்மா இருக்காது. பின்னால் யாரோ பெரிய மனுஷி நிற்கிறாள் போல, அவளைத்தான் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் வேலை செய்கிற விதமே வேறு. வந்ததும் மெஷினைத் தொடவில்லை. பால்பவுடர் டப்பா ஒன்றில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு மெஷினைச் சுற்றி நடந்தார். நடக்க நடக்கத் தரையில் கோடு விழுந்தது. கோலம் போடப் போகிறார் என்று நாங்கள் சிரித்தோம். கோடு முடிந்ததும் மறுபடி சுற்றினார். எங்கெல்லாம் ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறதோ, வெளியே போகிறதோ, அங்கே ஒரு கல்லை வைத்தார். கல் வருகிற இடம், கரண்டு ஒயர் வருகிற இடம், கிரீஸ் வருகிற இடம், பொடி வெளியே போகிற இடம். ஒவ்வொரு கல்லுக்கிட்டயும் நின்று சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார்: இது எங்கேருந்து வருது, யார் கொடுக்கிறாங்க, தப்பா வந்தா எனக்கு எப்படித் தெரியும்? பதில் வருகிறவரைக்கும் அடுத்த கல்லுக்கு நகரமாட்டார்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. வயல்காட்டில் வளர்ந்தவள் இல்லையா. வரப்பு எது என்று முதலில் பார்ப்பது, அப்புறம் மடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பக்கத்து வயல் தண்ணி நம் நாற்றை அழுகவைத்தால் நாற்றைத் திட்டிப் புண்ணியமில்லை, மடையைப் போய்ப் பார்க்க வேண்டும். இதைப் படிப்பில் வேற பேர் சொல்வார்களாம். என் பேத்தி கயல் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுச் சுற்றி ஒரு கோடு இழுக்கிறாள், கேட்டால் எது நம்ம பொறுப்பு, எது வெளியாள் பொறுப்பு என்று காட்டுகிற கோடு என்கிறாள். அதைத்தான் அவர் டப்பாவில் போட்டார்.

அந்த முதல் கோடு கிரஷர் வாயோடு நின்றுவிட்டது. கிரஷருக்குக் கல் அள்ளுகிற எங்கள் கல்குவியலும் தண்ணி லாரியும் நாங்களும் வெளியே.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு லீவு. கிரஷர் ஜம்மென்று ஓடியதாம். திங்கட்கிழமை மேலாபீஸ் ஆட்களை அழைத்துவந்து ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சல்லடை அடைத்துக்கொண்டது, மெஷின் முனகி நின்றுவிட்டது. உள்ளே அப்பம் சுட்ட மாதிரி மண் ஒட்டிக் கிடந்தது. சுரண்டி எடுத்து மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நின்றது. பத்மநாபன் சார் சம்மட்டியை மாற்றிப் பார்த்தார், சல்லடையை மாற்றிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஓட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. திங்கள் வந்தால் அடைக்கிறது.

குவாரி மேனேஜர் இதை எங்கள் தலையில் வைத்துக் கட்டினார். பொம்பளைங்க இல்லாத நாள் ஓடுது, இருக்கிற நாள் நிக்குது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், வேலை போயிடும்னு வேணும்னே மண்ணை அள்ளிப் போடறாளுங்க, திருட்டுக் கை என்றார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, இந்த வாரம் முடிந்ததும் இனி ஒருத்தியும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கூலிதான் அடுப்பு. என் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், தட்டோடு உட்கார ஆறு பேர். ஆனாலும் சொல்கிறேன், வேலை போகிறதைவிட அந்தப் பழியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலிக்க வலிக்க உடைத்த கையைப் பார்த்துத் திருட்டுக் கை என்கிறானே. அஞ்சலை மேனேஜர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம் என்றாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு பத்மநாபன் சாரைப் பார்க்கப் போனேன்.

கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். மெஷினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, அங்கேயே நிக்கிறீங்க?"

"கோடு இருக்குதுங்களே சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து கோட்டுக்கிட்ட வந்தார். எங்களைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள், நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"நான் நினைக்கிறதெல்லாம் இல்லம்மா. பார்க்கிறதுதான் என் வேலை. நீங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை இங்கே என்ன வரலை?"

"நாங்க வரலை."

"சரி. நீங்க வராததால வேற என்னென்ன வரலை?"

விரலை மடக்கி எண்ணினேன். சுத்தியல் வரலை, கூடை வரலை, தூக்குச்சட்டி வரலை, அஞ்சலை வாய் வரலை என்று சொன்னேன். தண்ணியைச் சொல்லவில்லை. வாசல் தெளிக்கிறதை யாராவது வேலையில் சேர்ப்பார்களா? அவரும் அதைப் பார்த்ததில்லை. அவர் ஜீப் வருகிறது ஒன்பது மணிக்கு. அதற்குள் வெயிலில் குவியலின் மேல் பக்கம் காய்ந்து வெள்ளையாகிவிடும்.

அவர் குவியலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நாளைக்கு விடியும்போதே வரேன், எப்பவும் என்னென்ன செய்வீங்களோ அத்தனையும் செய்யுங்க, எதையும் விட்டுடாதீங்க, மேனேஜரையும் கூட்டிட்டு வரேன் என்றார்.

மறுநாள் நாங்கள் எல்லாரும் தலை வாரி, இருக்கிறதிலே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தோம். பழி சொன்னவன் முன்னால் பஞ்சையாக நிற்கக் கூடாது பாருங்கள். குடத்தில் தண்ணி பிடித்தோம், சாமி கும்பிட்டோம், தெளித்தோம். அஞ்சலை ரெண்டு குடம் கூடவே ஊற்றினாள்.

"தினமும் இவ்வளவா?" என்று சார் கேட்டார்.

"இன்னிக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்திருக்காங்களே சார். பந்தல் வாசல்னா கொஞ்சம் கூடத்தான் தெளிப்போம்," என்றாள் அவள்.

மேனேஜர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பத்மநாபன் சார் சிரிக்கவில்லை. தண்ணி எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து உடைக்கச் சொன்னார். வெயில் ஏறுகிறவரைக்கும் அங்கேயே நின்றார். குவியல் மேலே வெள்ளையாகக் காய்ந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் குவியலுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறைய மஞ்சள் களி. கிரஷர் வாய்த் தகட்டில் அதை ஒரு அறை அறைந்தார். வறட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. தட்டினார், விழவில்லை.

சுற்றிச் சுற்றி எங்கள் குடத்திலேயே வந்து நின்றுவிட்டதே. மேனேஜர், பார்த்தீங்களா, நான் சொன்னேனா இல்லையா என்றார்.

சார் கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி பேண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தண்ணி ஊத்தினது இவங்க. கோடு போட்டது நான். காய்ஞ்ச கல் வரும்னு காகிதத்துல இருந்துச்சு, அதை நம்பி வாயோட நிறுத்திட்டேன். தண்ணி கோட்டுக்கு வெளியில இருந்துச்சு, அதனால என் கண்ணுல படலை. தப்பு கோட்டுல இருக்கு சார், குடத்துல இல்லை."

சொல்லிவிட்டுப் பழைய கோட்டைச் செருப்பால் அழித்தார். டப்பாவை எடுத்தார். கிரஷர் வாயிலிருந்து வெளியே நடந்தார். குவியலைச் சுற்றினார், தண்ணி லாரி நிற்கிற இடத்தைச் சுற்றினார், எங்களை நோக்கி வந்தார். நாங்கள் வழிவிட எழுந்தோம்.

"எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. உங்களைச் சுத்தித்தான் போடறேன்."

லூர்துமேரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கட்டைவிரலை ஒட்டிக் கோடு விழுந்தது. அவள் அசையவே இல்லை. அந்த வளைவுதான் பிள்ளைகளே, நீங்கள் கேட்கிற வயிறு.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்காகப் பேசுவார். தண்ணியை நிறுத்திடலாம், இவங்களையும் நிறுத்திடலாம், ரெண்டும் சேர்ந்தே போகட்டும் என்றார். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்றார் சார். அடுத்த நாள் தண்ணியும் இல்லை, நாங்களும் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் பிழைப்பு அந்தச் சத்தத்தில் இருக்கிறது என்று தெரியும். ஓடினால் நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலை முழுக்க ஓடியது. அஞ்சலை பேச்சை விட்டுவிட்டாள், அதுவே பெரிய விஷயம். மத்தியானம் அடிப்பள்ளத்திலிருந்து லாரி வந்தது. அந்தக் கல்லில் களிமண் பாளம் பலாச்சுளை மாதிரி சொருகியிருக்கும், பூமிக்குள்ளிருந்தே ஈரமாக வரும். கொட்டின சற்று நேரத்தில் சத்தம் கம்மியது, முனகியது, நின்றது.

வேப்பமரத்தடியில் நாங்கள் என்ன சத்தம் போட்டோம் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தின் மேல்மட்டத்துக் கல்லைத்தான் ஓட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அடிக்கல்லின் மண் யாருக்கும் தெரியவில்லை. சார் எங்களை உள்ளே கூப்பிட்டார். கிரஷர் வாய்க்கு முன்னால் ஒரு சின்ன பெல்ட்டைப் போட்டு, அதன் ரெண்டு பக்கமும் எங்களை நிறுத்தி, போகிற கல்லில் மண்ணை மட்டும் பொறுக்கச் சொல்லலாம் என்று மேனேஜரிடம் விளக்கினார். தூசிக்குத் தண்ணி வேண்டும்தான், அதை ரோட்டுக்கும் பொடி வெளியே விழுகிற இடத்துக்கும் தெளித்துக்கொள்ளலாம் என்றார். மேனேஜர் ஒத்துக்கொண்டு, ஆனா இவங்க காண்டிராக்டர் ஆளுங்க, வேணும்னா வரட்டும், வேண்டாம்னா நிறுத்திக்கலாம் என்றார்.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோட்டைப் பார்த்தேன். அப்போது கேட்டேன்.

"ஐயா, இந்தக் கோட்டுக்குள்ள இருக்கிற இரும்புக்கெல்லாம் கூரை இருக்குது. காலையில வந்தா எண்ணெய் வைக்கிறீங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுத் தொங்கவிட்டிருக்கீங்க. ஒரு நட்டு காணோம்னா கூட தேடுறீங்க. இப்ப நாங்களும் உள்ளே வந்துட்டோம். எங்களுக்கு என்னங்க?"

மேனேஜர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என்ன வேணும் என்றார். கூரை வேண்டும், குடிக்கத் தண்ணி வேண்டும், கம்பெனி ஆட்களுக்கு இருக்கிற மாதிரி கேட் பலகையில் ஆஜருக்கு மாட்டுகிற பித்தளை டோக்கன் வேண்டும் என்றேன். அஞ்சலை பின்னாலிருந்து, எண்ணெய் தலைக்கு நாங்களே வச்சுக்கிறோம் என்றாள்.

பத்மநாபன் சார் இன்னொன்றைச் சேர்த்தார். பெல்ட் ஓரமாக ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் மொத்த மெஷினும் நிற்கும். அந்தக் கயிறு இவங்க கைக்கு எட்டணும், யார் இழுத்தாலும் ஏன்டி இழுத்தேன்னு கேட்கக்கூடாது, உள்ளே நிக்கிறவங்க கையில நிறுத்துற அதிகாரம் இல்லைன்னா அவங்க உள்ளே இல்லை என்றார். இது இல்லாமல் மெஷினை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். மேனேஜர் தலையைச் சொறிந்தார். மேலாபீஸில் பேச வேண்டும் என்றார். பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒப்படைக்கிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அடிப்பள்ளத்துக் கல்லையே கொண்டுவரச் சொன்னார் சார். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே, ரெண்டு பக்கமும் நாங்கள். மூக்கில் ஈரத்துணி. பெல்ட் நகர்ந்தது. மஞ்சள் கண்ணில் பட்டால் கை தானாகப் போய் எடுத்துவிடும், அவ்வளவு வருஷம் பழகின கை. சார் மெஷினைப் பார்க்கவே இல்லை, கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். காலை போய் மத்தியானம் வந்தது, மத்தியானம் போய் சங்கு ஊதியது. கிரஷர் ஒரு தடவைகூட முனகவில்லை. பின்பக்கம் பொடி மலையாக நின்றது. மேனேஜர் எல்லாருக்கும் கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். லூர்துமேரி அவள் சோடாவில் முதல் சொட்டை பெல்ட்டுக்குத் தெளிக்கப் போனாள். சார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா, தண்ணி தண்ணிதான்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் விலாவில் இருக்கிறது.

மழைக்காலம் முடிவதற்குள் டோக்கன் வந்தது. கேட் பலகையில் ஆம்பளை டோக்கன்களுக்கு அடுத்த வரிசையில் எங்களுடையது. சார் அதற்குள் வேற ஊர் போய்விட்டார். போகிறபோது டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முன்னால் நான்தான் அதே தடத்தில் கோடு போட்டேன். அப்புறம் பெயிண்ட் வந்தது. வளைவை நேராக்கிவிடலாமா என்று பெயிண்டர் கேட்டான். கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.

கயிற்றை நான் ஒரே ஒரு தடவை இழுத்திருக்கிறேன். எண்பதுகள் நடுவில், யாரோ பெரிய ஆட்கள் பார்வையிட வந்த நாள். மண் அள்ளுகிற மெஷினின் இரும்புப் பல் ஒன்று உடைந்து கல்லோடு கல்லாகப் போகிறது. உள்ளே போனால் சம்மட்டியெல்லாம் சிதறியிருக்கும். இழுத்தேன். எல்லாம் நின்றது, ஈ பறக்கிற சத்தம் கேட்டது. வந்தவர்களில் ஒருவர், யார் நிறுத்தினது என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முன்னால் வந்தார். எங்களைத் திருட்டுக் கை என்ற அதே மேனேஜர்.

"அவங்க கோட்டுக்குள்ள இருக்கிற ஆளு சார். நிறுத்துவாங்க," என்றார்.

அதற்குமேல் எனக்கு எந்தப் பட்டமும் வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பகுதியை மேற்பார்வை பார்க்கிற மேட்டாக இருந்து, அறுபது முடிந்து, டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு பேரும் ஆறு வீட்டில் நன்றாக இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, புது மெஷினுக்கும் யாராவது கோடு போடுவார்கள். போடட்டும். போட்டு முடித்ததும் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று குனிந்து பாருங்கள். வெளியே இருந்தால் சும்மா இருக்காதீர்கள், என்னைப் போல் போய்க் கோட்டுக்கிட்ட நில்லுங்கள்.

எழுதிவிட்டேன். கயலு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதை முதல்லேருந்து சத்தமா வாசி ஆத்தா. இதுல அஞ்சலை இருக்காளா, லூர்துமேரி இருக்காளா பாரு. எங்க கூட்டத்துல இன்னும் பாக்கியம், செல்லக்கண்ணு, ரெண்டு பாப்பாத்தி, ஜெபமாலை, கருப்பாயி எல்லாம் இருந்தாங்க. யார் பேராவது விட்டுப்போயிருந்தா சொல்லு. இன்னும் கொஞ்சம் வளைச்சுப் போட்டுக்கலாம்.